“உங்க இஷ்டம்” வேண்டாமே!

திருமண நாளை ஒட்டிப் பக்கத்து நகரத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதைப் பற்றிப் போன இதழில் நான்கே வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம் சரியாகப் போய்விட்டது. ஓட்டல் ரிசப்ஷனில் 22 வருடம் நின்றவள் நான். திருமண நாள் என்று வந்து சாவி வாங்கிய தம்பதிகளின் முகத்தையும், அதே சாவியைத் திருப்பித் தரும்போது இருந்த முகத்தையும் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பதில்கள் அங்கிருந்து வந்தவை. கொஞ்சம் என் வீட்டிலிருந்தும்.

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். போன திருமண நாளுக்கு மனைவிக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று எல்லா ஏற்பாட்டையும் நானே செய்தேன். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. போய் இறங்கியதிலிருந்து அவள் முகம் சரியில்லை. கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்றாள். வீடு திரும்பிய மூன்றாம் நாள், ‘என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’ என்றாள். சரி என்று இந்த வருடம் கேட்டேன். ‘உங்க இஷ்டம்’ என்கிறாள். நான் என்னதான் செய்வது?

பதில்: தம்பி, உங்கள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடந்தது என்ன என்பதை என் மேசைப் பக்கமிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

சர்ப்ரைஸ் கொடுக்கிறவருக்கு இந்தப் பயணம் இரண்டு மாதம். ஊரைத் தேடுகிறார், ரூம் படங்களைப் புரட்டுகிறார், மனசுக்குள் பத்துத் தடவை போய் வந்துவிடுகிறார். வாங்கிக்கொள்கிறவருக்கு அது இரண்டே நாள். அதுவும் பதற்றத்தோடு தொடங்குகிற இரண்டு நாள். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது, திங்கட்கிழமை அலுவலகத்தில் முடிக்க வேண்டியது என்ன ஆகும், நிறைய நடக்க வேண்டியிருக்குமா, எந்தச் செருப்பு, பெட்டியில் எதை வைப்பது. மாதவிடாய் நாளைப் பார்த்துத் தேதி வைக்கிற வசதிகூட அவர் கையில் இல்லாமல் போய்விடுகிறது. இதை எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை. முகம் வாடியதற்கு அதுவே முழுக் காரணமாக இருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

ரிசப்ஷனில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வோம். பெயர், முகவரி, எத்தனை பேர், என்றைக்குக் கிளம்புகிறீர்கள். கணவர் மேசையில் சாய்ந்து எழுதிக்கொண்டிருப்பார். மனைவி இரண்டடி பின்னால், பெட்டிகளுக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ‘எத்தனை நாள் இருக்கீங்க மேடம்?’ என்று நான் பேச்சுக் கொடுத்தால் கணவரைத் திரும்பிப் பார்ப்பார். எத்தனை நாள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே ஒருவர் கல்யாண வீட்டுக்காரராகவும் இன்னொருவர் விருந்தாளியாகவும் ஆகிவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்காரருக்கு உட்கார நேரமிருக்காது. விருந்தாளிக்கு வாய் திறந்து குறை சொல்ல முடியாது. உங்கள் மனைவி ‘ஒண்ணுமில்லை’ என்றது அதனால்தான். இவ்வளவு செய்தவரிடம் என்னவென்று சொல்வது? வீட்டுக்கு வந்து, தன் அடுக்களையில் நின்று, மறுபடி வீட்டுக்காரி ஆன பிறகுதான் சொல்ல முடிந்தது.

நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். எங்கள் ஐந்தாவது திருமண நாள். ஏற்பாடு முழுக்க என்னுடையது. சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் அரை மணிக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். இரண்டு நாளில் பதினோரு இடம். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார், ஒரு இடத்திலும் முகம் சுளிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில், ஊர் விளக்குகள் பின்னால் போன பிறகு கேட்டார்: “இந்த ரெண்டு நாள்ல நாம ரெண்டு பேரும் எங்கேயாவது உட்கார்ந்தோமா?” குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். நானும் யோசித்தேன். அந்த பஸ் சீட்டைத் தவிர வேறு இடம் நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அதே நோட்டில் ஒரு தாளை எடுத்து, நடுவில் மடித்து, இரண்டாகக் கிழித்தேன். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இரவு வரை ஒரு துண்டு. ஞாயிறு விடிந்ததிலிருந்து கிளம்பும் வரை இன்னொரு துண்டு. எது யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். இன்றுவரை அப்படித்தான் செய்கிறோம்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ‘எங்கே போகலாம்?’ என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து இரவு வரை வீட்டுக்காக நூறு முடிவு எடுக்கிறவருக்கு அது நூற்றியோராவது முடிவாக வந்து விழுகிறது. ‘உங்க இஷ்டம்’ என்று தள்ளிவிடுகிறார். அப்படியில்லை என்றால், எப்போதோ அவர் ஒன்று ஆசைப்பட்டுச் சொல்லி, ‘அதெல்லாம் எதுக்கு’ என்று நீங்கள் சொன்னது அவர் மனசில் இருக்கும். ரூம் இரண்டு மூன்று பார்த்து வையுங்கள், சேர்ந்து உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள். அப்புறம் துண்டுத்தாளைக் கையில் கொடுத்து, ‘ஞாயித்துக்கிழமை உன்னோடது, நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நடுவில் ‘யோசிச்சியா, யோசிச்சியா’ என்று நச்சரிக்க வேண்டாம்.

ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. யாருடைய நேரமோ, வழி பார்ப்பதும் பணம் கொடுப்பதும் எப்போது எழுந்து போவது என்று முடிவெடுப்பதும் அவர். வழி தவறினாலும் சரி, போன இடம் பூட்டிக் கிடந்தாலும் சரி, மற்றவர் ‘அப்பவே சொன்னேன்’ என்று சொல்லக் கூடாது. அவர் துண்டில் ‘தூங்கணும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். ‘இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. என் வீட்டில் ஒரு வருடம் அவர் துண்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஆற்றங்கரை. வேறு ஒன்றும் இல்லை.’ மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி ஏழு வருடத்தில் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னார்.

கேள்வி: திருமண நாள் இந்த முறை புதன்கிழமை வருகிறது. சனி, ஞாயிறுக்குத் தள்ளிப்போட்டுப் போகலாம் என்றேன். கணவர், ‘கொண்டாடினா அந்த நாள் அன்னிக்கே கொண்டாடணும். சனிக்கிழமை வர்ற வருஷம் போய்க்கலாம்’ என்கிறார்.

பதில்: அவரிடம் காலண்டரைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு தேதி வருடத்துக்கு ஒரு கிழமை நகரும். நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை. அந்தக் கணக்கில், ஒரு தேதி சனிக்கிழமையில் விழுவது 28 வருடத்தில் நான்கே முறை. 2025 நவம்பர் 22 சனிக்கிழமை. அதே தேதி மறுபடி சனிக்கிழமையாவது 2031-ல்தான். இடைவெளி 11 வருடமாக விழுவதும் உண்டு. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

புதன்கிழமை இரவு வீட்டில் இருவருமாக அரை மணி நேரம் உட்காருங்கள். துண்டுத்தாளை அன்றைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நாளும் வெறுமனே போகாது, சனிக்கிழமைக்கும் ஆசையாகக் காத்திருப்பீர்கள். இருவருக்கும் திங்கட்கிழமை லீவு கிடைக்குமென்றால் ஞாயிறு, திங்களாகப் போவதும் நல்லது. வார இறுதிக் கூட்டம் ஞாயிறு மத்தியானத்தோடு கிளம்பிவிடும், பல ஓட்டல்கள் அன்று இரவு காலியாகத்தான் இருக்கும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய நகரம் ஒன்று இருக்கிறது. அங்கே போகலாம் என்றால், ‘அங்க என்ன இருக்கு, எத்தனை தடவை போயாச்சு’ என்கிறார் கணவர். தூரமாகப் போனால்தான் பயணமா?

பதில்: முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான ஓட்டல்களில் ரூம் கைக்கு வருவது மதியம் 2 மணிக்கு. காலி செய்வது மறுநாள் காலை 11 மணிக்கு. ஒரு இரவு தங்கல் என்றால் மொத்தம் 21 மணி நேரம். தூக்கத்துக்கு எட்டைக் கழித்தால் 13. போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம் ஆகிற ஊரைத் தேர்ந்தெடுத்தால், ஊரில் விழித்திருக்கும் நேரத்தைவிட வழியில் இருக்கும் நேரம் அதிகம். பக்கத்து நகரத்தில் அந்த இழப்பு இல்லை. சீக்கிரமே போய்ச் சேர்ந்தால் பெட்டியை ரிசப்ஷனில் ஒப்படைத்துவிட்டு வெளியே கிளம்பிவிடலாம். ரூமைக் காலி செய்த பிறகும் சாயங்காலம் வரை பெட்டியை வைத்துக்கொள்வார்கள். பலரும் இதைக் கேட்காமலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு திரிகிறார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும்.

அடுத்தது ‘எத்தனை தடவை போயாச்சு’ என்பது. எதற்குப் போனீர்கள்? ஆஸ்பத்திரிக்கு, பரீட்சைக்கு, ஆபீஸ் வேலைக்கு, யார் வீட்டு விசேஷத்துக்கோ. வேலை முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடி வந்த ஊர் அது. அந்த ஊரில் பொழுது எப்படி விடியும், கடைகளைச் சாத்திய பிறகு தெரு எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது.

புதுசு என்பது தூரத்தில் இருப்பதல்ல. ஆர்தர் ஏரான் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2000-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். தம்பதிகளை ஒரு அறைக்கு அழைத்து, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் மணிக்கட்டோடும் ஒருவர் கணுக்காலை மற்றவர் கணுக்காலோடும் பட்டையால் கட்டினார்கள். இருவருக்கும் நடுவில் உருளைத் தலையணை ஒன்று. கையாலோ பல்லாலோ பிடிக்கக் கூடாது. கீழே விழாமல், தவழ்ந்தே போய், நடுவில் உள்ள ஒரு தடுப்பையும் தாண்டித் திரும்பி வர வேண்டும். மொத்தமே ஏழு நிமிட வேலை. வேறு சில தம்பதிகளுக்குச் சும்மா பந்து உருட்டுகிற சாதாரண வேலை கொடுத்தார்கள். முன்னும் பின்னும் கேட்டுப் பார்த்ததில், தலையணைத் தம்பதிகளுக்குத் தங்கள் உறவின் மேல் இருந்த நிறைவு மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. ஒரு சாதாரண அறைக்குள் ஏழு நிமிடத்தில் நடந்தது இது. நான் படித்த உடனே என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ஒருவர் மட்டும் தூக்க முடியாதபடி ஒன்றை இருவரும் சேர்ந்து தூக்குவது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அதனால், பக்கத்து நகரத்தில் இருவருக்குமே தெரியாத ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். வாடகை சைக்கிளில் சுற்றுங்கள். படகு கிடைத்தால் துடுப்பு போட்டுப் பாருங்கள். மண்பாண்டம் வனையக் கற்றுக்கொடுக்கும் இடம் இருந்தால் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். ஒருவருக்குக் கைவந்த கலையாகவும் மற்றவருக்குப் புதிதாகவும் இருப்பது வேண்டாம். அது வகுப்பெடுப்பதில் போய் முடியும்.

கேள்வி: இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ‘நீங்க வரலைன்னு நினைச்சு ரூமை வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்’ என்றார்கள். புக்கிங் இருந்தும் இப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. ஆனால் நடக்கிறது. முன்பணம் கட்டாத புக்கிங்கை மாலை குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் விடுவித்துவிடும் வழக்கம் பல ஓட்டல்களில் உண்டு. சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கில், இருக்கும் ரூம்களைவிடக் கூடுதலாகப் புக்கிங் எடுப்பதும் உண்டு. எல்லோரும் வந்துவிட்டால், கடைசியாக வருகிறவர் மாட்டிக்கொள்வார். பணம் முன்பே கட்டி, எழுத்தில் உறுதி வாங்கியிருந்தால், வேறு ஓட்டலில் ரூம் பிடித்துத் தரச் சொல்லி அங்கேயே நின்று கேளுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

இனிமேல், கிளம்புகிற அன்று காலை பத்துமணி வாக்கில் ஓட்டலுக்கு நேராக ஒரு போன் போடுங்கள். அன்று வரப்போகிறவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு யாருக்கு எந்த ரூம் என்று பிரித்துப் போடுகிற நேரம் அது. ‘இத்தனை மணிக்கு வருவோம், எங்கள் திருமண நாள், அமைதியான ரூமாகக் கொடுங்கள்’ என்று மூன்றே விஷயம் சொன்னால் போதும். நாங்கள் பெயருக்கு நேராகப் பென்சிலால் குறித்துக்கொள்வோம். அதட்டிக் கேட்டவர்களைவிட, இப்படி ஒரு வார்த்தை சொல்லி வைத்தவர்களுக்குத்தான் நான் நல்ல ரூமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஆசை ஆசையாகப் போனோம். ரூமில் தனித்தனியாக இரண்டு சின்னக் கட்டில். இரவு முழுக்க இருவருக்கும் தூக்கம் இல்லை. விடிந்ததும் சின்ன விஷயத்துக்குச் சண்டை. அந்த நாளே வீணாகிவிட்டது. எங்களுக்குள் ஏதோ சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது அம்மா.

பதில்: பயப்படாதே கண்ணம்மா. உங்களுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சரியில்லாமல் போனது கட்டிலும் தூக்கமும்.

கட்டில் விஷயம் இது. ஓட்டல் பாஷையில் ‘டபுள்’ என்றால் ஒரே பெரிய கட்டில். ‘ட்வின்’ என்றால் தனித்தனியாக இரண்டு சின்னது. புக் செய்யும்போது ட்வினை அழுத்திவிட்டு வந்து நிற்கும் தம்பதிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முன்னாலேயே சொன்னால் மாற்றிக் கொடுப்போம். சில ரூம்களில் இரண்டையும் சேர்த்துப் போட்டு ஒரே விரிப்பாக விரித்துவிடவும் முடியும்.

தூக்கம் வராதது உடம்பின் இயல்பு. புது இடத்தில் முதல் ராத்திரி சரியாகத் தூக்கம் வராது என்று நம் பாட்டிகளே சொல்வார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் இதை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் முறை தூங்கும்போது மூளையின் இடது பாதி மற்ற பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, அந்நியச் சத்தம் கேட்டால் சட்டென்று எழுப்பிவிடுகிறது. அதே இடத்தில் இன்னொரு முறை தூங்கியபோது அந்த வித்தியாசம் காணவில்லை. பாதி மூளை காவலுக்கு உட்கார்ந்திருந்தால் விடிந்ததும் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அதனால் முடிந்தால் இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டால், அரைகுறைத் தூக்கம் வெள்ளியோடு போய்விடும். சனிக்கிழமை இரவு உங்களுடையது. ரூம் கேட்கும்போது லிப்டுக்கு ஒட்டினாற்போல் வேண்டாம், விசேஷம் நடக்கும் ஹாலுக்கு மேலேயும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வார இறுதியில் ஹாலில் பாட்டுச் சத்தம் நள்ளிரவு வரை போகும். பக்கத்து ரூமுக்கு நடுவில் கதவு வைத்த ரூமும் வேண்டாம், அந்தக் கதவு வழியாக இருமல் சத்தம்கூட வரும். சொந்தத் தலையணை உறை ஒன்றை எடுத்துப் போங்கள். வீட்டு வாசனை முகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சீக்கிரம் தூக்கம் வந்துவிடும். திரைச்சீலை நடுவில் வெளிச்சம் கசிந்தால், அலமாரியில் கிளிப் வைத்த ஹேங்கர் இருக்கும், அதை எடுத்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கவ்விவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. முதல் ராத்திரி தூங்காமல் எழுந்த காலையில் எந்தப் பெரிய பேச்சும் வேண்டாம். வீட்டுக் கடன், மாமியார், குழந்தையின் பள்ளிக்கூடம், எதுவாக இருந்தாலும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மனைவிக்கு அருங்காட்சியகம் என்றால் உயிர். ஒவ்வொரு பலகையையும் நின்று படிப்பாள். எனக்கு முக்கால் மணி நேரத்தில் காலும் தலையும் வலிக்க ஆரம்பித்துவிடும். ரசனை இல்லாதவன் என்று நினைக்கிறாள்.

பதில்: ரசனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை சார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்றே தலைப்பு வைத்து 1916-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பார்வையாளரைக் காட்சிப் பெட்டிகளின் முன்னால் நிற்கவைத்து, பொருளையும் எழுத்தையும் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் முழங்காலை மடக்கியும் நிற்க வேண்டியிருக்கிறது என்று வரிசையாகப் போட்டோ எடுத்துக் காட்டினார். நூறு வருடத்துக்கு முன்பே, அருங்காட்சியகத்தைக் கட்டிக் காத்தவரே ஒப்புக்கொண்ட களைப்பு அது.

உங்கள் மனைவியின் துண்டில் அருங்காட்சியகம் இருந்தால் போங்கள், முகத்தைத் தொங்கப்போடாமல் போங்கள். முதல் ஒரு மணி நேரம் கூடவே நில்லுங்கள். அப்புறம் அவர் தொடரட்டும், நீங்கள் வெளியே மரத்தடியில் உட்காருங்கள். இன்ன நேரம், இன்ன இடம் என்று சொல்லிக்கொண்டு பிரிந்தால் அது கோபத்தில் பிரிவது ஆகாது. திரும்பிச் சந்திக்கும்போது, ‘உனக்கு எது ரொம்பப் பிடிச்சது? அதை மட்டும் எனக்குக் காட்டு’ என்று கேட்டு, அந்த ஒன்றைப் பார்க்க அவரோடு மறுபடி உள்ளே போங்கள்.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகப்போகிறோம். இப்போதே மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பதில்: அடித்துக்கொள்ளத்தான் செய்யும், அது தப்பில்லை. குழந்தையிடம் எத்தனை இரவு என்று விரல் விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் நழுவிப்போவது மட்டும் வேண்டவே வேண்டாம். போனுக்குக் காலையில் ஒரு நேரம், இரவில் ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு நடுவில் உங்கள் குரலைக் கேட்டால்தான் மறந்திருந்த பிள்ளை அழ ஆரம்பிக்கும். அவசரம் என்றால் அம்மா கூப்பிடுவார், அவர் உங்களையே வளர்த்தவர்.

கேள்வி: எனக்கு 66 வயது. கல்யாணமாகி 38 வருடம். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் மட்டும் எங்கேயும் போய்த் தங்கியதில்லை. இந்த வருடம் கூட்டிக்கொண்டு போக ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி. ‘எனக்கு எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க’ என்கிறாள். துண்டுத்தாள் கொடுத்தாலும் வெறும் தாளாகத்தான் திருப்பித் தருவாள்.

பதில்: ஐயா, முதலில் முழங்காலைப் பார்ப்போம். ஓட்டலுக்கு நேராகப் போன் செய்து நான்கு விஷயம் கேளுங்கள். லிப்ட் உண்டா? வாசலிலிருந்து லிப்ட் வரை படி எத்தனை? குளியலறையில் தொட்டியா, அல்லது நின்று குளிக்கும் இடமா? பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்குவதுதான் மூட்டுவலிக்காரர்களுக்கு ஆபத்தானது. தொட்டி என்றால் வேறு ரூம் கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு ஓட்டல் பாருங்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டால் தருவார்கள். லிப்டிலிருந்து நாலைந்து ரூம் தள்ளி எடுங்கள். நடையும் குறைவு, சத்தமும் வராது. போகிற பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு முறை இறங்கிக் காலை நீட்டட்டும்.

அவர் துண்டுத்தாளை வெறுமனே திருப்பித் தந்தால் தரட்டும். 38 வருடமாக யாரும் கேட்காததை ஒரே வாரத்தில் எழுதிவிட முடியாது. உங்கள் பாதியை நீங்கள் எழுதுங்கள், அதில் அவருக்குப் பிடித்ததை எழுதாமல் உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள். அவர் பாதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போய் எழுதினாலும் எழுதுவார்.

என் மேசைக்கு ஒரு முறை உங்கள் வயதுத் தம்பதி வந்தார்கள். வழக்கம்போல் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதை அப்படியே மனைவி பக்கம் நகர்த்திவிட்டு, பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தார். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே அவர் பெயரை எழுதினார். கிளம்பும் நாள் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஒரு நாள் சேர்த்துப் போடட்டுமா?” என்று அவரைக் கேட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறுநாள் ரூம் காலியாக இல்லை. வேறு இரண்டு பேரின் ரூமை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு அவர்களுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்ததும் ரிசப்ஷனில் பேனாவை உங்கள் மனைவியிடம் கொடுங்கள் ஐயா. படிவம் நிரம்பும் வரை நீங்கள் பெட்டிப் பக்கம் நில்லுங்கள்.